தோய்வோ கூலா: வெற்றி விழாவில் வீழ்ந்த இசைஞன்

பின்லாந்தில் தேவாலயத் திருமணங்கள் நடைபெறும்போது, உலகெங்கும் ஒலிக்கின்ற மெண்டெல்சோனின் திருமண அணிநடையை விடுத்துத் தமது நாட்டவர் ஒருவர் இயற்றிய அணிநடையைத் தெரிவு செய்யும் மணமக்கள் பலர். பியானோவுக்காக எழுதப்பட்டு, பின்னர் ஓர்கன் வாத்தியத்துக்கும் உரியதாகிவிட்ட சிறிய இசை அது. எக்காளம் ஊதி ஊரைக் கூட்டுகின்ற இசையல்ல. அடக்கமாகத் தொடங்கி அடக்கமாகவே நடக்கிறது. மகிழ்ச்சியான ஒரு நிகழ்வுக்கு எழுதப்பட்ட இசையில் இத்தனை ஏக்கம் எதற்கு என்று முதற்தடவை கேட்பவர் எண்ணக்கூடும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டு மக்கள் அதைத் தமது திருமணங்களுக்கு உகந்ததாகவே கருதி வந்திருக்கிறார்கள்.

அதை இயற்றியவர் பெயர் தோய்வோ கூலா. 1918 ஏப்ரல் 30 ஆம் திகதி இரவு, உள்நாட்டுப் போரில் வெற்றி பெற்ற தரப்பினரின் கொண்டாட்டம் ஒன்றின்போது, அதே தரப்பைச் சேர்ந்த படையினன் ஒருவனின் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்கானார். 18 நாட்கள் வைத்தியசாலையில் கிடந்து மே 18 ஆம் திகதி உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 34.

பின்லாந்து இசை என்றதும் உலகம் ஜான் சிபேலியஸ் என்ற ஒரே பெயரைத்தான் சொல்லும். அந்தப் பெருமரத்தின் நிழலில் வளர்ந்தவர்களின் பெயர்கள் வெளியே தெரிய வருவதில்லை. கூலா அந்த நிழலில் வளர்ந்த முதற் கன்றுகளில் ஒன்று. சிபேலியஸிடம் தனிப்பட்ட முறையில் இசையமைப்புப் பயின்றவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் முன்னவர் கூலா. அடுத்தவர் லேவி மாதெதோயா. இந்த இரண்டாவது பெயரையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் பிற்பகுதியில் அவருக்கு ஒரு பெரிய பொறுப்பு காத்திருக்கிறது.

கூலா 1883 ஜூலை 7 ஆம் திகதி, பின்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள வாசா நகரில் பிறந்தார். அக்காலத்தில் பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழிருந்த ஒரு சிற்றரசு. வாசா நகரின் பெயர்கூட ரஷ்யச் சக்கரவர்த்தி நிக்கலஸின் பெயரால் மாற்றப்பட்டிருந்தது. நாட்டின் அதிகாரம் ரஷ்யர் கையில் இருந்ததென்றால், கல்வியும் செல்வமும் நெடுங்காலமாகச் சுவீடிஷ் மொழி பேசுவோர் கையில் இருந்தன. பெரும்பான்மையோரின் மொழியான பின்னிஷ், உழவர்களின் மொழியாகவே கருதப்பட்டு வந்தது. அம்மொழிக்கு உரிய இடத்தைப் பெற்றுக்கொடுக்க எழுந்த இயக்கத்தின் தீவிரமான பற்றாளர் கூலா. சிபேலியஸின் தாய்மொழி சுவீடிஷ். அவரது தனிப்பாடல்களிற் பெரும்பாலானவை சுவீடிஷ் கவிதைகளுக்கு எழுதப்பட்டவை. மாணவரோ பின்னிஷ் சொற்களைத் தேடிச் சென்றார். ஆசிரியர் மீது கொண்ட மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை. மொழி விடயத்தில் அவருடைய வழி வேறு, அவ்வளவுதான்.

தோய்வோ என்றால் பின்னிஷ் மொழியில் நம்பிக்கை என்று பொருள். கூலா என்றால் உருண்டை, குண்டு. பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இத்தகைய தற்செயல்களில் ஒரு மோகம் உண்டு. அதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

வாசாவுக்கு உள்நாட்டுப் புறமாக விரிந்து கிடக்கும் சமவெளிக்குத் தென் போஹ்யன்மா என்று பெயர். ஆறுகள் குறுக்கிடும் வயல்கள், பெரிய மரவீடுகள், பிடிவாதமான மனிதர்கள். ஏனைய பின்லாந்து மக்கள் இப்பிரதேசத்தவரைப் பற்றிக் கூறும்போது பெருமையும் பயமும் கலந்தே கூறுவார்கள். 19 ஆம் நூற்றாண்டில் இடுப்புக் கத்தியும் கையுமாகத் திரிந்து, திருமண வீடுகளிற் புகுந்து கலகம் விளைவித்த சண்டியர்களுக்கு இப்பகுதி பேர் போனது. அச்சண்டியர்களுள் மிகப் பிரபலமான இருவர் சங்கிலியாற் பிணைக்கப்பட்ட நிலையில் எடுக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்று இன்றும் அந்நாட்டில் பலரும் அறிந்தது. அவ்விருவரைப் பற்றிய நாட்டார் பாடலும் அப்படியே. அமெரிக்காவுக்குப் பிழைப்புத் தேடிப் பெருந்தொகையாகப் புறப்பட்டுப் போனவர்களும் இப்பகுதி மக்கள்தான். ஆகவே இங்குள்ள நாட்டார் பாடல்களில் காதலும் கத்தியும், சிறைச்சாலையும் கப்பலும் அடுத்தடுத்து வரும். மெட்டுகள் நிமிர்ந்து நடப்பவை. சொற்களோ பெரும்பாலும் துயரமானவை.

இந்தப் பாடல்களைத்தான் இளம் கூலா கிராமங்களிற் சேகரித்தார். ஹெல்சிங்கி இசைக் கழகத்தில் 1900 இல் மாணவராகச் சேர்ந்தவர், பண வசதியின்மையால் இடையில் படிப்பை நிறுத்தி ஊர் திரும்ப வேண்டியிருந்தது. 1906 இல் மீண்டும் சென்று 1908 வரை பயின்றார். சிபேலியஸிடம் பயின்றதும் அந்த ஆண்டுகளிலேயே. சொந்தப் பிரதேசத்துப் பாட்டுகள்தான் அவரது இன்னொரு பள்ளிக்கூடம் என்பது என் எண்ணம். ஆசிரியரான சிபேலியஸ் தமது பெரும் படைப்புகளில் நாட்டார் மெட்டுகளை நேரடியாக எடுத்தாளுவதைத் தவிர்த்தவர். மாணவர் அதற்கு மாறாக மெட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் என்ன வைப்பது என்று யோசித்தார்.

இசை ஒழுங்கமைப்பு என்று கூறப்படும் இந்தப் பணியைப் பற்றிச் சற்று விளக்குவது நல்லது. கர்நாடக இசையில் பழகிய செவிகள் ஒரே இழையாக ஓடும் இசையை அறிந்தவை. ஒரு நாட்டார் பாடலும் அப்படித்தான், பாடுபவரின் குரலும் மெட்டும் மட்டுமே. மேலைத்தேய இசைஞர் அதை மேடைக்குக் கொண்டு வரும்போது, மெட்டின் கீழே பல சுரங்களைச் சேர்த்தொலிக்கச் செய்து ஒத்திசைவை உருவாக்க வேண்டியிருக்கிறது. இங்கேதான் அபாயம். பாடசாலைப் புத்தகத்தில் உள்ள ஒத்திசைவுகளை மாட்டிவிட்டால், கிராமத்து மனிதனுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிவித்தது போலாகிவிடும். அலங்காரம் மிதமிஞ்சினால் மெட்டே காணாமற் போகும். அக்கால ஐரோப்பாவில் வெளிவந்த நாட்டார் பாடல் தொகுதிகளிற் பல இந்த இரண்டு பள்ளங்களில் ஒன்றில் விழுந்தவை.

கூலா தமது பியானோப் பகுதிகளை மிகுந்த கட்டுப்பாட்டுடன் எழுதினார். பாடலின் வட்டார வழக்குச் சொற்களை அவர் ‘திருத்த’ முற்படவில்லை. பேச்சு எப்படியோ பாட்டும் அப்படியே. மெட்டின் மீது கை வைக்கவில்லை. பியானோ சில வேளைகளில் பாட்டுக்காரனின் நடையைப் பின்தொடர்கிறது, சில வேளைகளில் அவன் வாய்விட்டுச் சொல்லாத மனநிலையைக் கீழே இருந்து மெதுவாகச் சொல்கிறது. சவடாலாகப் பாடப்படும் ஒரு வரியின் அடியில் இருண்ட சுரங்கள் இரண்டு மூன்று வந்து விழும்போது, அந்தச் சவடாலுக்குப் பின்னால் இருக்கும் பயம் நமக்குக் கேட்டுவிடுகிறது. ஓசை மிக்க பிரதேசத்தின் பாடல்களிலிருந்து அவர் எடுத்தது அவற்றினுள்ளே இருந்த மௌனத்தை எனலாம்.

பெரிய வாத்தியக் குழுவுக்காக எழுதிய இரண்டு தென் போஹ்யன்மாத் தொகுப்புகளிலும் இதே போக்கைக் காணலாம். முதலாவது 1906 முதல் 1909 வரையிலான காலத்தது. இரண்டாவது 1912, 1913 ஆகிய ஆண்டுகளில் எழுதப்பட்டது. முதல் தொகுப்பில் நிலக்காட்சி இருக்கிறது, கிராமிய நடனம் இருக்கிறது, பேயின் நடனம்கூட இருக்கிறது. இறுதியில் வருவது அந்திப்பொழுதின் பாடல். இரண்டாவது தொகுப்புக்கு முன்னர் கூலா வெளிநாடுகளைப் பார்த்துவிட்டார். இத்தாலியின் பொலோனா நகரில் என்ரிக்கோ பொஸ்ஸியிடமும், பின்னர் ஜேர்மனியின் லைப்சிக் நகரிலும் பாரிஸிலும் பயின்றார். பாரிஸில் பிரெஞ்சுக்காரரின் புதிய இசை அவர் செவியில் விழுந்தது. ‘காட்டில் மழை’ என்ற பகுதியைக் கேட்பவர்கள் அதை உடனே உணர்வார்கள். வாத்தியங்கள் மெட்டைப் பாடுவதைக் காட்டிலும் ஈரத்தையும் மூட்டத்தையும் தூவுகின்றன. ஆனால் அதே தொகுப்பில் ‘அநாதைப் பிள்ளைகளின் நடனம்’ என்று ஒரு பகுதி உண்டு. பாரிஸ் எங்கோ போய்விடுகிறது. எஞ்சுவது போஹ்யன்மாக் கிராமம் மட்டுமே. நடனம் என்று பெயர், தாளமும் நடனத் தாளமே, ஆனால் ஆடுபவர்களுக்கு வீடு இல்லை என்பது ஒவ்வொரு அடியிலும் தெரிகிறது. கூலாவின் ஆக்கங்களில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ள அனுமதி என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

அவருடைய மேதைமை மனிதக் குரலிலேயே முழுமையாக வெளிப்பட்டது என்பது விமர்சகர்களின் பொதுவான கருத்து. வயலின் சொனாட்டாவும், முக்கால் மணி நேரம் வரை நீளும் பியானோ மும்மை ஒன்றும் இளமைக் காலத்து எழுத்துக்கள். மும்மையில் சொல்ல வந்ததைக் காட்டிலும் சொல்வதற்கு எடுத்துக்கொண்ட நேரம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. தனிப்பாடல்களில் அந்தக் குறை இல்லை. எய்னோ லெய்னோ என்ற கவிஞரின் சொற்களுக்கு எழுதிய ‘இலையுதிர்கால மனநிலை’ ஆரம்ப காலப் பாடல்களுள் ஒன்று. சில நிமிடங்களில் ஒரு முழு வாழ்க்கை முடிந்து போகும் உணர்வைத் தருவது. லெய்னோவின் கதைக் கவிதைகளைக் கொண்டே ‘அடிமையின் மகன்’, ‘கன்னியும் பிரபுவின் மகனும்’ ஆகிய பெரிய ஆக்கங்களையும் எழுதினார். சேர்ந்திசைக் குழுக்களுக்கு அவர் எழுதியவற்றை இன்றும் பின்லாந்தின் பாடகர் குழுக்கள் பாடி வருகின்றன. சூரிய உதயத்தைப் பற்றியது ஒன்று. ஆப்பிள் மரங்கள் பூத்துப் பல நாட்களாகிவிட்ட தொலைவிடம் ஒன்றைப் பற்றியது மற்றொன்று.

தனிப்பாடல்களிற் பலவற்றை அவர் ஒரு குறிப்பிட்ட குரலுக்காகவே எழுதினார். அது அவரது இரண்டாவது மனைவி ஆல்மாவின் குரல். இருவரும் ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். அவர் பாடுவார், இவர் பியானோ வாசிப்பார்.

பிழைப்புக்காகக் கூலா வாத்தியக் குழுக்களை நெறிப்படுத்தும் தொழிலைச் செய்தார். வடக்கே ஔலு நகரில் சிறிது காலம், பின்னர் சில ஆண்டுகள் ஹெல்சிங்கியில் ரோபெர்ட் கயானுஸின் குழுவில் துணை நெறியாளராக. 1916 இல் கிழக்கெல்லைக்கு அண்மையிலிருந்த வீபுரி நகரின் குழு அவரை நெறியாளராக அழைத்தது. பல மொழிகள் புழங்கிய வணிகத் துறைமுகம் அது. பின்னர்கள், சுவீடிஷ் மொழியினர், ரஷ்யர், ஜேர்மனியர் எல்லோரும் வாழ்ந்த நகரம். அங்கே குடியேறியபோது கூலாவிடம் முடிவுறாத ஒரு பெரிய ஆக்கம் இருந்தது. சிலுவையடியில் நின்ற அன்னையைப் பற்றிய இலத்தீன் பாடலுக்கு, சேர்ந்திசைக் குழுவும் வாத்தியக் குழுவும் இணைந்து பாடுவதற்காக 1914 இல் தொடங்கிய ‘ஸ்தாபாத் மாதெர்’. ஒரு சிம்பொனியும் மனதில் இருந்தது.

1917 டிசம்பர் 6 ஆம் திகதி பின்லாந்து சுதந்திரப் பிரகடனம் செய்தது. எட்டு வாரங்கள்கூட ஆகவில்லை, நாடு இரண்டாகப் பிளந்தது. தெற்கின் நகரங்களைத் தொழிலாளர் இயக்கத்தின் சிவப்புப் படை கைப்பற்றியது. அரசாங்கத் தரப்பான வெள்ளைப் படை வடக்கிலும் மேற்கிலும் நிலை கொண்டது. அதன் அரசாங்கம் இயங்கிய இடம் கூலா பிறந்த வாசா நகரம். ரஷ்ய ஆட்சிக்கு எதிராகப் போராடுவதற்கு 1915 முதல் இரகசியமாக ஜேர்மனிக்குச் சென்று பயிற்சி பெற்ற ஏறத்தாழ 1,900 இளைஞர்கள் இருந்தனர். அவர்களை யேகர்கள் என்பர். அவர்களின் பெரும்பகுதியினர் 1918 பெப்ரவரி 25 ஆம் திகதி கப்பலில் வந்து இறங்கியதும் அதே வாசாவில்தான். நாட்டின் வீரப் புதல்வர்கள் என்று அவர்கள் போற்றப்பட்டார்கள். அவர்களுக்கென ஓர் அணிநடைப் பாடலும் இருந்தது. 1917 இல் அதற்கு இசையமைத்தவர் வேறு யாருமல்லர், கூலாவின் ஆசான் சிபேலியஸ்.

போர் நான்கு மாதங்களுக்குள் முடிந்தது. ஏறத்தாழ 30 இலட்சம் மக்களைக் கொண்ட நாட்டில் சுமார் 38,000 பேர் மாண்டார்கள். அவர்களிற் பெரும்பாலோர் போர்க்களத்தில் இறந்தவர்கள் அல்லர். சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டவர்களும், போர் ஓய்ந்த பின்னர் சிறைமுகாம்களில் பசியாலும் நோயாலும் மடிந்தவர்களுமே. மாதெதோயாவின் சகோதரர் அந்த ஏப்ரல் மாதத்தில் சிவப்புப் படையினரால் கொல்லப்பட்டார்.

வீபுரி ஏப்ரல் 29 ஆம் திகதி வெள்ளைப் படையின் கைக்கு வந்தது. அந்த நாட்களில் அங்கு நடந்ததைக் கூறாமல் கூலாவின் மரணத்தை மட்டும் கூறுவது நேர்மையாகாது. நகருக்குள் நுழைந்த படையினர், போரிற் சம்பந்தப்படாத ரஷ்யர்களையும் வேறு பலரையும் வீடுகளிலிருந்து இழுத்துச் சென்று சுட்டார்கள். சில நாட்களுக்குள் ஏறத்தாழ 400 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் வெள்ளையரின் வருகையை வரவேற்று வீதிக்கு வந்த ரஷ்யர்களும் இருந்தார்கள். அவ்வாறான ஒரு நகரத்தில், செயுராஹுவோனே என்ற ஹோட்டலில், ஏப்ரல் 30 ஆம் திகதி இரவு வெற்றி விழா நடந்தது. வசந்தத்தை வரவேற்கும் வாப்பு என்ற பண்டிகையின் இரவும் அதுவே. குடியும் கும்மாளமும் வழமையானவை.

கூலா அங்கே போனார். வெள்ளையரின் வெற்றி அவருக்கும் வெற்றிதான். மதுபோதையில் யேகர்கள் சிலருக்கும் அவருக்கும் வாய்த்தர்க்கம் மூண்டது. கூலா முன்கோபக்காரர், போஹ்யன்மாக்காரர். ஒதுங்கிப் போகும் சுபாவம் அவருடையதல்ல. தர்க்கம் முற்றி, யேகர் ஒருவனின் துப்பாக்கி வெடித்தது. மூன்று மாதங்களாக மனிதரைச் சுட்டுப் பழகிய கைகளுக்கு, சண்டை முடிந்துவிட்டது என்பதை ஒரே நாளில் யாரும் கற்பித்துவிட முடியாது. போர் கண்ட எந்த நாட்டவருக்கும் இது புதிய செய்தியல்ல.

இந்தக் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. சிவப்புத் தரப்பினன் ஒருவன் சுட்டிருந்தால் கூலா தேசத்தின் தியாகியாகியிருப்பார். சதுக்கங்களிற் சிலை எழுந்திருக்கும், பாடப்புத்தகத்தில் படம் வந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. சுட்டவன் வீரப் புதல்வர்களில் ஒருவன். வென்றவர்களின் கதையில் இந்த மரணத்தை வைப்பதற்கு வசதியான இடம் இல்லை. தோற்றவர்களின் கதையிலும் இடமில்லை, ஏனெனில் அவர் அவர்களுடைய ஆளும் அல்லர். அவரது உடல் ஹெல்சிங்கியின் ஹியெத்தனியெமி மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

சிம்பொனி தொடக்கத்துடன் நின்று போயிற்று. ‘ஸ்தாபாத் மாதெர்’ ஏறக்குறைய முடியும் தறுவாயில் இருந்தது. அதை நிறைவு செய்யும் பொறுப்பை ஏற்றவர் மாதெதோயா. சில வாரங்களுக்குள் சகோதரனையும் நண்பனையும் இழந்த மனிதர். ஒருவரைக் கொன்றது ஒரு தரப்பு, மற்றவரைக் கொன்றது மறு தரப்பு. மகனை இழந்த தாயின் புலம்பலுக்கு அவர் எஞ்சிய பக்கங்களை எழுதி முடித்தார். 1919 இல் அது முதன்முறையாக மேடையேறியது. அந்த ஆக்கத்தில் எது கூலாவின் கை, எது மாதெதோயாவின் கை என்று பிரித்துக் காட்டும் அறிவு எனக்கு இல்லை. பிரித்துப் பார்க்கும் ஆவலும் இல்லை.

வீபுரி நகரம் 1944 இல் நிரந்தரமாகச் சோவியத் நாட்டின் கைக்குப் போனது. பின்னிஷ் மக்கள் வெளியேறினார்கள். இன்று அது ரஷ்யாவின் வீபோர்க். கூலா நெறிப்படுத்திய குழுவின் இரசிகர்கள் வாழ்ந்த அந்தப் பன்மொழி நகரம் வரைபடத்தில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. ஆல்மா, கணவரின் மறைவுக்குப் பின் 23 ஆண்டுகள் வாழ்ந்து 1941 இல் காலமானார்.

கூலாவைக் கேட்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு தென் போஹ்யன்மாத் தொகுப்புகளும், 2024 இல் காலமான லெய்ஃப் செகெர்ஸ்தாம் துர்க்கு நகரின் வாத்தியக் குழுவைக் கொண்டு வழங்கிய இறுவட்டில் உள்ளன. எடுத்த எடுப்பில் திருமண அணிநடையைத் தேட வேண்டாம். அநாதைப் பிள்ளைகளின் நடனத்தை முதலிற் கேளுங்கள், பிறகு ஆப்பிள் மரப் பாடலை ஒரு நல்ல சேர்ந்திசைக் குழுவின் குரலில். அணிநடையைக் கடைசியில் வைத்துக்கொண்டால், அந்த ஏக்கம் எங்கிருந்து வருகிறது என்று அப்போது யாரும் சொல்லத் தேவையிருக்காது.